கறுப்பு ஓரத்தின் கணக்கு

செல்போன் படத்துக்கும் ஃபிலிம் ஓரம் வைக்கிற காலம் இது. வைப்பதென்று முடிவு செய்துவிட்டால் சரியாக வைப்போம். அந்த ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு துளைக்கும் எழுத்துக்கும் ஒரு காரணம் உண்டு.

வீட்டில் பழைய நெகடிவ் துண்டு ஒன்று கிடைத்தால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் முதலில் படத்தைத்தான் தேடும். அதை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். மேலும் கீழும் வரிசையாகத் துளைகள். துளைகளை ஒட்டி கம்பெனியின் பெயர், ஃபிலிமின் பெயர், 12, 12ஏ, 13, 13ஏ என்று ஓடும் எண்கள், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம். இவற்றை மையால் அச்சடிப்பதில்லை. தொழிற்சாலையில் ஃபிலிம் தயாராகும்போதே வெளிச்சத்தால் எழுதிவிடுகிறார்கள். ரோல் வாங்கும்போது அந்த எழுத்து கண்ணுக்குத் தெரியாது. நாம் எடுத்த படங்களோடு சேர்த்துக் கழுவும்போதுதான் வெளியே வரும். அதாவது ஓரத்து எழுத்தும் ஒரு ஃபோட்டோதான்.

இந்த ஓரத்தை டிஜிட்டல் படத்துக்கு மாட்டிவிடும் மென்பொருள்கள் இன்று ஏராளம். 2009-ல் வந்த ஹிப்ஸ்டமேட்டிக்கும், 2010-ல் வந்த இன்ஸ்டாகிராமின் முதல் ஃபில்டர்களும் இந்த மோகத்தைச் செல்போனுக்குக் கொண்டுவந்தன. கம்ப்யூட்டரில் நிக் கலெக்‌ஷன், டிஎக்ஸ்ஓ ஃபிலிம்பேக் போன்றவை விலைக்குக் கிடைக்கின்றன. கிம்ப், டார்க்டேபிள், இமேஜ்மேஜிக் மூன்றும் இலவசம். பொத்தானை அழுத்தினால் ஓரம் வந்துவிடும். ஆனால் ஃபிலிமைக் கையால் தொட்டுப் பழகியவர்களுக்கு அப்படி வரும் ஓரங்களில் பல உடனே உறுத்தும். துளையின் அளவு பொருந்தாது, எண் மாறாது, கறுப்பு பொய்யாக இருக்கும். செட்டிங்கில் எதை எவ்வளவு வைப்பது என்ற கேள்விக்கு மென்பொருளின் மெனுவில் பதில் தேடிப் பயனில்லை. ஃபிலிமில் அந்த ஓரம் எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டால் பதில் தானாக வரும்.

அரம் போட்ட ஜன்னல்

படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் என்லார்ஜரில் நெகடிவைப் பிடித்துக்கொள்ளும் உலோகத் தகட்டுக்கு நெகடிவ் கேரியர் என்று பெயர். 35 மி.மீ. ஃபிலிமில் படத்தின் அளவு 36 × 24 மி.மீ. கேரியரின் ஜன்னல் பெரும்பாலும் அதைவிட ஒரு நூல் சிறியதாகவே வரும். பிரிண்ட் போடும்போது நான்கு பக்கமும் படம் கொஞ்சம் வெட்டுப்படும். அதைப் பொறுக்க முடியாத ஃபோட்டோகிராஃபர்கள் அரத்தை எடுத்து ஜன்னலை ராவிப் பெரிதாக்கினார்கள். அப்போது படத்தைச் சுற்றியுள்ள வெற்று ஃபிலிமும் ஜன்னலுக்குள் வந்தது. நெகடிவில் வெளிச்சம் படாத இடம் தெளிவாக இருக்கும். என்லார்ஜரின் வெளிச்சம் அதன் வழியே முழுசாகப் பாய்ந்து காகிதத்தைக் கறுக்கவைக்கும். படத்தைச் சுற்றி வரும் கறுப்புக் கோடு பிறந்தது இப்படித்தான். அரம் பட்ட விளிம்பு நேராக இருக்காது என்பதால் கோட்டின் வெளிப்பக்கமும் கரடுமுரடாக இருக்கும்.

அந்தக் கோட்டுக்கு ஒரு பொருள் இருந்தது. ‘கேமராவில் நான் பார்த்தது இவ்வளவுதான்; பிறகு உட்கார்ந்து எதையும் வெட்டவில்லை’ என்று ஃபோட்டோகிராஃபர் கொடுக்கும் வாக்குமூலம் அது. பிரெஞ்சு ஃபோட்டோகிராஃபர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் படங்களை வெட்டக்கூடாது என்பதில் கறாராக இருந்தார். தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை 1932-ல் பாரிஸில் எடுத்த அவருடைய புகழ்பெற்ற படம் இதற்கு விதிவிலக்கு. அது வெட்டப்பட்ட படம். அந்த ஒன்றைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள் என்றால் மற்றவை எவ்வளவு கறாராக இருந்திருக்கும் என்று புரியும். அமெரிக்காவின் ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அந்நாட்டின் மேற்குப் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்களையும் நாடோடிகளையும் வெள்ளைப் பின்னணியில் நிறுத்தி 8 × 10 அங்குல ஃபிலிமில் எடுத்தார். அந்தப் பிரிண்டுகளில் ஃபிலிமின் கறுப்பு விளிம்பு அப்படியே நிற்கிறது. வெள்ளைப் பின்னணிக்கும் வெள்ளைச் சுவருக்கும் நடுவே படம் எங்கே முடிகிறது என்று சொல்வது அந்த விளிம்புதான். டயேன் ஆர்பஸின் சதுரப் படங்களைச் சுற்றியும் ஒழுங்கற்ற கறுப்பு ஓரம் ஓடுகிறது.

மென்பொருளில் ஓரத்தைத் தேர்வு செய்யும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். உங்களுக்கு வேண்டியது அரம் போட்ட கேரியரின் மெல்லிய கோடா, துளையும் எழுத்தும் தெரியும் முழு ஃபிலிமா, போலராய்டின் வெள்ளைச் சட்டமா? மூன்றும் மூன்று வேறு பொருள்கள். மூன்றுக்கும் கணக்கு வேறு.

38 மில்லிமீட்டர்

முழு ஃபிலிம் ஓரத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஃபிலிமின் அகலம் 35 மி.மீ. அதில் படத்துக்கு 24 போக, மேலே ஐந்தரை, கீழே ஐந்தரை மிஞ்சும். விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே துளை தொடங்கும். படத்தைக் கிடைமட்டமாக வைத்துப் பார்த்தால் துளையின் உயரம் 2.8 மி.மீ., அகலம் ஏறக்குறைய 2 மி.மீ. மூலைகள் மழுங்கியிருக்கும். அகலத்தைவிட உயரம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். பல ரெடிமேட் ஓரங்களில் துளை படுத்துக் கிடக்கும் அல்லது சதுரமாக இருக்கும்.

ஒரு துளை தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த துளை தொடங்கும் இடம் வரை 4.75 மி.மீ. ஒரு படத்துக்கு எட்டுத் துளைகள். எட்டை 4.75-ஆல் பெருக்கினால் 38 மி.மீ. படம் 36, இரண்டு படங்களுக்கு நடுவே இடைவெளி 2. நம் கண் இந்த விகிதத்தில் பழகியிருக்கிறது. துளை ஏழாகவோ பத்தாகவோ இருந்தால் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ தப்பு என்று தோன்றும்.

கிம்ப் மென்பொருளின் ஃபில்டர்ஸ் மெனுவில், கம்பைன் என்ற பிரிவுக்குள் ஃபிலிம்ஸ்ட்ரிப் என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் அட்வான்ஸ்டு என்ற பக்கத்தைப் பலர் திறப்பதே இல்லை. திறந்தால் படத்தின் உயரம், படங்களின் இடைவெளி, துளையின் அளவுகள் எல்லாவற்றையும் ஃபிலிமின் மொத்த உயரத்தில் எத்தனை பங்கு என்று கேட்கும். நிஜ ஃபிலிமின் அளவுகளை 35-ஆல் வகுத்தால் போதும். படத்தின் உயரம் 0.686. படங்களின் இடைவெளி 0.057. விளிம்பிலிருந்து துளைக்குள்ள தூரம் 0.057. துளையின் அகலமும் 0.057. துளையின் உயரம் 0.080. இரு துளைகளுக்கு நடுவே உள்ள இடம் 0.079. இந்த எண்களை ஒருமுறை போட்டுவிட்டால், நிஜ ஃபிலிம் துண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

ஃபோட்டோஷாப்பில் கையால் வரைகிறவர்களுக்குப் பிக்ஸல் கணக்கு. 24 மெகாபிக்ஸல் கேமராவின் படம் 6000 × 4000 என்றால், 36 மி.மீ.க்கு 6000 பிக்ஸல். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 167. ஃபிலிமின் மொத்த உயரம் 5833 பிக்ஸல், துளையின் உயரம் 467, அகலம் 330, துளைக்குத் துளை 792.

இங்கே செல்போன்காரர்களுக்கு ஒரு சிக்கல் வரும். 35 மி.மீ. படத்தின் விகிதம் 3:2. செல்போன் படமோ பெரும்பாலும் 4:3. அதை 35 மி.மீ. ஓரத்துக்குள் திணித்தால் படத்தை வெட்ட வேண்டும். அதற்குப் பதில் 120 ஃபிலிமின் ஓரத்தைப் பயன்படுத்தலாம். அந்த அகல ஃபிலிமில் துளையே கிடையாது. அதில் 6 × 4.5 என்று சொல்லப்படும் படத்தின் உண்மையான அளவு 56 × 41.5 மி.மீ. ஏறக்குறைய 4:3-தான். செல்போன் படம் வெட்டுப்படாமல் உட்கார அதைவிடப் பொருத்தமான ஓரம் வேறில்லை.

செங்குத்தாக எடுத்த படத்துக்குத் துளைகள் இடமும் வலமும்தான் வர வேண்டும். கேமராவைத் திருப்பிப் பிடித்தாலும் உள்ளே ஃபிலிம் ஓடும் திசை மாறுவதில்லை. எழுத்தும் பக்கவாட்டில்தான் ஓடும். நிமிர்ந்து நிற்கும் படத்துக்கு மேலும் கீழும் துளை வைப்பது அடிக்கடி கண்ணில் படும் தவறு.

துளை கறுப்பா, வெள்ளையா?

கறுப்பு வெள்ளைப் படம், கறுப்பு ஓரம், அதில் பளிச்சென்று வெள்ளைத் துளைகள். ஃபிலிம் என்றதும் பலர் மனதில் வருவது இந்தச் சித்திரம்தான். இதில் ஒரு முரண் இருக்கிறது. நெகடிவை நேரடியாகக் காகிதத்தில் வைத்துப் பிரிண்ட் போடுவது கான்டாக்ட் ஷீட். துளையின் வழியே வெளிச்சம் எந்தத் தடையும் இல்லாமல் இறங்குவதால் அந்த இடம் காகிதத்தில் முழுக் கறுப்பாகிவிடும். சுற்றியுள்ள வெற்று ஃபிலிமும் கறுப்புதான், ஆனால் துளையைவிட ஒரு துளி வெளிறிய கறுப்பு. ஆகவே கான்டாக்ட் ஷீட்டில் துளைகள் கறுப்பின் மேல் கறுப்பாக, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும். எழுத்துகள் மட்டும் வெள்ளையாகத் துலங்கும்.

வெள்ளைத் துளை ஸ்லைடு ஃபிலிமுக்கு உரியது. ஸ்லைடில் வெளிச்சம் படாத ஓரம் கழுவிய பிறகு கறுப்பாகவே இருக்கும். அதை லைட் பாக்ஸ் மேல் வைத்தால் துளை வழியே பெட்டியின் வெளிச்சம் வெள்ளையாகத் தெரியும். எனவே வண்ண ஸ்லைடு போலத் தோன்றும் படத்துக்கு வெள்ளைத் துளை பொருந்தும். டிரை-எக்ஸ் போன்ற கறுப்பு வெள்ளை நெகடிவின் சாயலில் செய்த படத்துக்குக் கறுப்புத் துளைதான் பொருந்தும். கிம்ப் வரையும் துளை வெள்ளை. நெகடிவ் சாயலுக்கு அதைத் தேர்ந்தெடுத்துக் கறுப்பாக்கிக்கொள்ளுங்கள்.

கறுப்பின் அளவும் முக்கியம். பிரிண்டில் வெற்று ஃபிலிமின் வழியே விழும் கறுப்பைவிட ஆழமான கறுப்பு படத்துக்குள் இருக்க முடியாது. படத்தின் எந்த நிழலானாலும் அந்த ஓரத்தைவிட ஒரு படி வெளிச்சமாகவோ சமமாகவோதான் இருக்கும். மென்பொருளில் கர்வ்ஸ், லெவல்ஸ் ஆகியவற்றை இழுத்துப் படத்தின் நிழலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விட்டு, சாம்பல் சாயல் கொண்ட ஓரத்தை மேலே போட்டால் பொய் அங்கேயே அம்பலமாகிவிடும். ஓரத்தின் கறுப்பை முதலில் நிறுத்துங்கள். பிறகு படத்தின் நிழலை அதற்கு மேலே வையுங்கள். கிரெய்ன் சேர்ப்பதாக இருந்தால் படத்துக்கு மட்டும் சேர்க்காமல் ஓரத்துக்கும் சேர்த்துவிடுங்கள். ஃபிலிம் என்பது ஒரே துண்டு.

ஓரத்தை நாமே எடுப்பது

வரைந்த ஓரம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் நிஜ ஃபிலிமிலிருந்து எடுத்த ஓரத்துக்கு ஈடாகாது. எடுப்பதும் கடினமான வேலை இல்லை. ஃபிலிம் கேமரா கையில் இருந்தால் ஒரு வெள்ளைச் சுவரை, தேவைக்கு நான்கு ஸ்டாப் அதிக வெளிச்சம் கொடுத்து எடுத்துக் கழுவுங்கள். நெகடிவில் அந்தச் சட்டம் முழுக் கறுப்பாக வரும். ஸ்கேன் செய்து இன்வெர்ட் செய்தால் நடுவில் வெள்ளை ஜன்னல், சுற்றிக் கறுப்பு ஓரம், அதில் வெள்ளை எழுத்து. ஜன்னலின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். கத்தியால் வெட்டியது போல இருக்காது. கேமராவின் உள்சட்டம் ஃபிலிமுக்கு மயிரிழை முன்னால் நிற்பதால் விளிம்பு லேசாகக் கரைந்திருக்கும். மூலைகள் சற்று உருண்டிருக்கும். எந்தச் செட்டிங்காலும் எளிதில் கொண்டுவர முடியாத அழகு அது.

ஸ்கேனரோடு வரும் ஃபிலிம் ஹோல்டர் பெரும்பாலும் ஓரத்தை மறைத்துவிடும். ஹோல்டரை எடுத்துவிட்டு, ஃபிலிமைக் கண்ணாடி மேல் நேராக வைத்து, மேலே இன்னொரு சுத்தமான கண்ணாடித் துண்டால் அமுக்குங்கள். 2400 டிபிஐ போதும். 36 மி.மீ.க்கு 3400 பிக்ஸல் கிடைக்கும். ஸ்கேனர் இல்லாதவர்கள் டேப்லெட் திரையை வெள்ளையாக வைத்து, ஃபிலிமைத் திரையிலிருந்து ஓரிரு அங்குலம் உயர்த்திப் பிடித்துக் கேமராவால் எடுக்கலாம். திரையோடு ஒட்டி வைத்தால் அதன் புள்ளிகள் படத்தில் விழுந்துவிடும்.

இனி மென்பொருள் வேலை. கீழே வெள்ளை லேயர். அதற்கு மேலே உங்கள் படம், ஜன்னலைவிட ஒரு சில பிக்ஸல் மட்டும் பெரிதாக. எல்லாவற்றுக்கும் மேலே ஸ்கேன் செய்த ஓரம். ஓர லேயரின் பிளெண்ட் மோடை மல்டிப்ளைக்கு மாற்றுங்கள். வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் நிற்கும். ஜன்னலுக்குள் படம் தெரியும், கரைந்த விளிம்பில் படமும் அதேபோலக் கரையும், எழுத்து இருக்கும் இடத்தில் கீழேயுள்ள வெள்ளை எட்டிப் பார்க்கும். மாஸ்க் வெட்டும் வேலையே இல்லை.

எது மாறும், எது மாறாது

ஒரே ஓரத்தை முப்பது படத்துக்கும் போட்டு ஆல்பம் செய்தால் இரண்டாவது பக்கத்திலேயே குட்டு வெளிப்படும். அதற்காக எல்லாவற்றையும் மாற்றினாலும் தவறு. அரம் போட்ட கேரியரின் கரடுமுரடான விளிம்பு ஒவ்வொரு பிரிண்டிலும் அச்சாக ஒன்றுபோல இருக்கும், கேரியர் ஒன்றுதானே. ஹாஸல்பிளாட் கேமராவின் ஃபிலிம் மேகஸினில் இரண்டு சிறிய ‘வி’ வடிவ வெட்டுகள் உண்டு. படத்தின் இடது விளிம்பில் அவை எப்போதும் அதே இடத்தில் விழும். இவை மாறக்கூடாதவை.

மாற வேண்டியது எண். 12-க்குப் பின் 13 வர வேண்டும். எண் படத்தின் நட்ட நடுவில் நிற்க வேண்டியதில்லை. ரோலை மாட்டும் விதத்தைப் பொறுத்து முன்னோ பின்னோ தள்ளி நிற்கும். ஆனால் ஒரு ரோலில் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அந்த ரோல் முழுக்க ஏறக்குறைய அவ்வளவே தள்ளி நிற்கும். தூசி படத்துக்குப் படம் மாறும். கீறல் ஃபிலிம் ஓடும் திசையிலேயே நீளமாக விழும், ஏனென்றால் கேமராவுக்குள் இழுபடும்போதுதான் அது உண்டாகிறது. குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போடும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள்.

காலமும் பொருந்த வேண்டும். ஃபிலிம் ஓரத்தில் காணும் பார்கோடு, கோடக் 1983-ல் கொண்டுவந்த டிஎக்ஸ் முறையின் ஒரு பகுதி. லேபிலுள்ள இயந்திரம் ஃபிலிமின் வகையைத் தானே அடையாளம் காண அது உதவியது. 1960-களின் சாயலில் செய்த படத்தின் ஓரத்தில் பார்கோடு இருந்தால் காலம் இடிக்கும். போலராய்டின் வெள்ளைச் சட்டத்துக்கும் இதே விதி. 1972-ல் வந்த எஸ்எக்ஸ்-70 கேமராவின் ஃபிலிமில் கீழ்ப்பக்கம் மட்டும் தடிமனாக இருப்பதற்குக் காரணம், படத்தைக் கழுவும் ரசாயனப் பை அங்கே இருப்பதுதான். கேமரா படத்தை வெளியே தள்ளும்போது உருளைகள் பையை நசுக்கி ரசாயனத்தைப் பரப்பும். மொத்தச் சட்டம் 88 × 107 மி.மீ., படம் 79 × 79. டார்க்டேபிளின் ஃப்ரேமிங் பகுதியில் சட்டத்தின் விகிதத்தையும் படம் நிற்கும் இடத்தையும் தனித்தனியே மாற்றலாம் என்பதால் இந்த அளவுகளை அப்படியே கொண்டுவர முடியும்.

பொய் சாட்சி வேண்டாம்

இவ்வளவு நுணுக்கமாகச் செய்த பிறகு ஒரு பொறுப்பும் வந்து சேர்கிறது. ஓரம் கச்சிதமாக அமைந்துவிட்டால் பார்ப்பவர் நம்பிவிடுவார். செல்போன் படத்தைப் பாதியாக வெட்டிவிட்டு, ‘எதையும் வெட்டவில்லை’ என்று சொல்லும் கறுப்புக் கோட்டை அதைச் சுற்றி வைப்பது பொய் சாட்சிதான். டிரை-எக்ஸில் எடுக்காத படத்தின் ஓரத்தில் டிரை-எக்ஸ் என்று எழுதி, ஊர்த் திருவிழாவின் ஆவணமாகச் சேமித்து வைத்தால், நாளை அதை எடுத்துப் பார்க்கும் ஆய்வாளர் வழி தவறுவார். செய்திப் படங்களிலும் வரலாற்று ஆவணங்களிலும் செயற்கை ஓரம் கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாழ்த்து அட்டை, கல்யாண ஆல்பம், சுவரில் மாட்டும் படம் ஆகியவற்றில் தாராளமாக வைக்கலாம். அங்கும் மூலக் கோப்பை ஓரம் இல்லாமல் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

ஓரத்தை உண்மையாக்க ஒரு வழி இருக்கிறது. ஃபிலிம் ஓரத்தில் எழுதியிருந்தது என்ன? எந்தப் பொருளில் எடுத்தது, எத்தனையாவது படம் என்ற தகவல்தானே. அந்தத் தகவல் டிஜிட்டல் படத்துக்கும் உண்டு. கேமராவின் பெயர், ஐஎஸ்ஓ, தேதி எல்லாம் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. இமேஜ்மேஜிக்குக்கு ஒரு கட்டளை எழுதிவிட்டால் அந்தத் தகவலைப் படித்து ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிடும், நூறு படமானாலும். கோடக் என்று இருந்த இடத்தில் உங்கள் செல்போனின் பெயர், 12ஏ என்று இருந்த இடத்தில் கோப்பின் நிஜ எண். கேமராவைத் தூக்கும்போதே சட்டத்தை யோசித்து, பிறகு வெட்டாமல் எடுத்துப் பழகினால் கறுப்புக் கோடும் உண்மையாகிவிடும். செல்போனில் எடுக்கிறவருக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. உதகமண்டலத்தில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. அந்தத் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. மென்பொருள் கம்பெனிகள் ஓரம் தயாரிக்கும்போது கோடக்கையும் இல்ஃபோர்டையும் நினைப்பார்கள், ஊட்டி ஃபிலிமை நினைக்க அவர்களுக்குக் காரணமில்லை. நம்மூர் ஸ்டுடியோக்களின் மரப்பெட்டிகளிலும், வீட்டு அலமாரியில் கல்யாண ஆல்பத்துக்கு அடியிலும் பழைய நெகடிவ்கள் இன்னும் கிடக்கின்றன. ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாவதற்கு முன் அவற்றை எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். செய்யும்போது படத்தோடு நிறுத்திவிடாமல் விளிம்புவரை முழுசாகச் செய்யுங்கள். ஜன்னலுக்குள் இருக்கும் படத்தை ஒரு பிரதியில் வெள்ளையாக்கினால் உங்கள் குடும்பத்து ஃபிலிமின் ஓரமே டெம்ப்ளேட்டாகக் கிடைத்துவிடும். மற்றொரு பிரதியில் தாத்தா பாட்டி அப்படியே இருப்பார்கள், எந்த ரோலில் எத்தனையாவது படம் என்ற குறிப்போடு.